ஆக்சிஜனில் தெரிந்த வளைவு

தூத்துக்குடியில் நின்றுகொண்டு ஒருவர் நெபுலாவைப் படம் எடுக்கப்போகிறேன் என்றால், வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் ஊர் சொல்லும். துறைமுகத்து விளக்குகள் விடிய விடிய எரிகிற இடம் இது. அண்ணாந்து பார்த்தால் பத்திருபது நட்சத்திரம் தேறினால் பெரிய விஷயம். அதற்கப்பால் வாயுவும் தூசியுமாக மிதக்கிற மேகங்களை இங்கிருந்து யார் பார்ப்பது?

சூசை மிக்கேல் பார்க்க ஆசைப்பட்டார், அதுவும் அறுபதைத் தாண்டிய பிறகு. காலமெல்லாம் நடத்திய போட்டோ ஸ்டூடியோவைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு, இசக்கியம்மாள் வீட்டு மொட்டைமாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

இசக்கியம்மாள் பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். மிக்கேலின் வயதில் பாதிக்குச் சற்று மேல். ஊரில் நெபுலா பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பதால் மிக்கேலுக்கு வேறு வழியில்லை. முதல் நாளே டீச்சர் என்று கூப்பிட்டார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்றார்.

"வீட்டுல கலர் கேமரா நாலு கெடக்கு, டீச்சர். நீங்க கறுப்பு வெள்ளை கேமரா வாங்கச் சொல்லுதிய. கல்யாண ஆல்பத்துலயே அது ஒழிஞ்சு போச்சு."

டீச்சர் உள்ளே போய் நாணயம் அளவுக்கு ஒரு கண்ணாடி வில்லையை எடுத்துவந்து அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்தார்.

"தெருவிளக்கைப் பாருங்க."

பார்த்தார். "எரியுதா அணைஞ்சிருக்கான்னே தெரியலியே."

"துறைமுகம்?"

"அதையும் காணல."

"இது ஃபில்டர். ஹைட்ரஜனோட ஒரே ஒரு சிவப்பை மட்டும் உள்ள விடும். மத்த வெளிச்சமெல்லாம் வாசலோட நின்னுக்கிடும். ஆக்சிஜனுக்கு ஒண்ணு இருக்கு, கந்தகத்துக்கு ஒண்ணு இருக்கு. ஒவ்வொண்ணா மாட்டி எடுக்கணும். ஒரே ஒரு வெளிச்சம் வாரப்ப கேமராவுக்குக் கலர் எதுக்கு?"

"பொறவு படத்துக்குக் கலர்?"

"கடைசியில நாமதான் குடுக்கணும்."

"அப்போ அது நிஜக் கலர் இல்லியா?"

"மொதல்ல மூடியப் போட்டுப் படம் எடுங்க, அண்ணாச்சி. கலரைப் பொறவு பாப்போம்."

கேலி செய்கிறார் என்று மிக்கேல் நினைத்தார். டீச்சர் முகத்தில் கேலி இல்லை.

மூடியைக் கழற்ற மறந்துவிட்டுத் தாலி கட்டுகிற நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்ற உதவியாளர்களை மிக்கேல் திட்டிய திட்டு ஊரறிந்தது. அவரே இப்போது தன் வீட்டில் உட்கார்ந்து, புதுக் கேமராவுக்கு மூடியைப் போட்டு இறுக்கி, இருட்டைப் படமாக எடுத்துத் தள்ளினார். மனைவி பிலோமினா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

அந்தப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினார். வெறும் கறுப்பு என்றுதான் நினைத்திருந்தார். டீச்சர் வெளிச்சத்தைக் கூட்டியதும் அதில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் வந்தன. ஒரு மூலையில் லேசாக ஒரு புகைச்சல் தெரிந்தது.

"இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு? மூடி போட்டிருந்தேனே."

"கேமரா போட்டது."

"இது எதுக்கு நமக்கு?"

"ஒண்ணுமே பாக்காதப்ப கேமரா என்னத்தப் பாக்குதுன்னு தெரிஞ்சிக்கிடணும்லா. அப்பத்தான் நெபுலாப் படத்துல இருந்து அதக் கழிக்க முடியும்."

மிக்கேல் தலையாட்டினார். புரிந்து ஆட்டினாரா, மரியாதைக்கு ஆட்டினாரா என்று சொல்ல முடியாது.

பங்குனியில் தன் வீட்டு மாடியிலேயே தொலைநோக்கியை நிறுத்தினார். வானம் சுழலச் சுழல அதன் கூடவே நகர்கிற தாங்கியில் அதை ஏற்றி, தெற்கே தாழ்வாக நிற்கிற ஒரு நெபுலாவை ஹைட்ரஜன் ஃபில்டரில் எடுத்தார். ஒரு படத்துக்கு ஐந்து நிமிஷம். தனியாகப் பார்த்தால் எதிலும் ஒன்றுமில்லை. பல மாலைகள் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கணினியில் அடுக்கியபோது மேகம் திரண்டு வந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் டீச்சர் வந்து பார்த்தார். பார்த்தவர் திரையின் நடுவில் விரலை வைத்தார்.

"இங்கன கறுப்பா ஏதாவது இருந்துச்சா, அண்ணாச்சி?"

"தூசி, டீச்சர். மூணு புள்ளி. கல்யாணப்பொண்ணு முகத்துல பருவ எடுக்க மாதிரி எடுத்துட்டேன். எடுத்த தடம் தெரியாது, பாத்தியளா?"

"தூசின்னு யாரு சொன்னா?"

"தூசியோட குடும்பம் நடத்துனவன் நான். எனக்குத் தெரியாதா?"

டீச்சர் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியை உருவி, தொலைநோக்கியின் வாயில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினார். அந்திவெளிச்சம் இருந்த பக்கம் அதைத் திருப்பிப் படம் எடுத்தார். திரையில் வெறும் வெண்மை. அதில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி.

"வெறும் துணிதானே இது? கண்ணாடியில தூசி இருந்தா இதுலயும் தெரியணும்."

"ஒண்ணுதான் தெரியுது."

"ஆமா. ஒண்ணுதான் தூசி."

"மத்த ரெண்டும்?"

"கறுப்பு மேகம். நெபுலாவுக்கு முன்னால நிக்கி. அது மாதிரி மேகத்துக்குள்ளதான் நட்சத்திரம் உருவாகுமாம். இன்னும் பொறக்காதது."

மிக்கேல் வேட்டியின் முடிச்சை அவிழ்த்தார். மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். டீச்சர் கிளம்பலாம் என்று எழுந்தபோது பேச ஆரம்பித்தார்.

"எங்களுக்கு ஒரு பிள்ள பொறந்துச்சு, டீச்சர். பொம்பளப் பிள்ள. ஒரு வாரம் இருந்திச்சு."

டீச்சர் உட்கார்ந்தார்.

"இந்த ஊர்ல பொறந்த பிள்ளையளெல்லாம் என் ஸ்டூடியோ வெல்வெட்டுத் துணியில குப்புறக் கெடந்திருக்கு. எம்பிள்ளைக்கு ஒரு படம் இல்ல. ஆஸ்பத்திரிய விட்டு வரட்டும், நல்லா எடுப்போம்னு இருந்தோம். வரல."

"பேரு வெச்சியளா?"

"நெனச்சு வெச்சிருந்தோம். அவளும் சொல்ல மாட்டா, நானும் சொல்ல மாட்டேன். முப்பது வருஷத்துக்கு மேலாச்சு."

டீச்சர் ஆறுதல் என்று எதையும் சொல்லவில்லை. அவருக்கு அது வராது. போகும்போது கணினியைக் காட்டி, "அந்த ரெண்டையும் திரும்ப வெச்சிருங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆவணி வந்தது. மாலையில் வடக்கே அன்னம் விண்மீன் கூட்டம் ஏறி நிற்கும் காலம். மிக்கேல் அதில் ஒரு பெரிய நட்சத்திரத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றியுள்ள மேகத்தை எடுக்கத் தொடங்கினார். ஹைட்ரஜனில் எடுத்தார். கந்தகத்தில் எடுத்தார். பிறகு ஆக்சிஜன். ஆக்சிஜன் எல்லாவற்றிலும் மங்கல்; கஞ்சன் கையிலிருந்து காசு வருகிற மாதிரிதான் வெளிச்சம் வரும். அவர் சலிக்கவில்லை. மேகமில்லாத ஒரு மாலையையும் விடவில்லை.

படங்கள் நிறையச் சேர்ந்த பிறகு ஆக்சிஜனை மட்டும் தனியாக அடுக்கிப் பார்த்தார். நட்சத்திரத்துக்கு மேலே இடப்பக்கம் ஒரு வளைவு தெரிந்தது. தொட்டில் சேலையின் அடிப்பக்கம்போல மெல்லியது. ஹைட்ரஜனில் அது இல்லை, கந்தகத்திலும் இல்லை. அடுத்தவர்கள் எடுத்த படங்களைத் தேடித் தேடிப் பார்த்தார். எவர் படத்திலும் இல்லை.

யாரும் பார்க்காத நெபுலாக்கள் இன்னும் வானத்தில் இருக்கின்றன, சாதாரண ஆட்கள் மாடியிலிருந்தே கண்டுபிடிக்கிறார்கள் என்று டீச்சர் ஒருமுறை சொன்னது அவர் காதில் ஒலித்தது. அன்று இரவே பிலோமினாவை எழுப்பித் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்.

"இத யாரும் இதுவரைக்கும் பாக்கல. கண்டுபிடிச்சவன் பேரு வைக்கலாமாம். அமலின்னு வைக்கப்போறேன்."

அந்தப் பேர் அந்த வீட்டில் சத்தமாக ஒலித்தது அதுதான் முதல் தடவை. பிலோமினா வளைவையே பார்த்திருந்தார். மறுநாள் சாயந்திரம் மூட்டு வலியோடு கைப்பிடியைப் பற்றிப் பற்றி மாடிக்கு ஏறி வந்தார். அதற்கு முந்தி ஒருநாளும் வந்ததில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். அன்றிலிருந்து தினமும் வந்தார்.

மிக்கேல் டீச்சரை வீட்டுக்கு வரவழைத்தார். படத்தைக் காட்டிவிட்டு, பள்ளிப் பிள்ளைபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதுக்குப் பேரு வைக்கணும்னா யாருக்கு எழுதணும், டீச்சர்?"

டீச்சர் கிட்டப் போய்ப் பார்த்தார். எட்ட நின்று பார்த்தார். அடுக்களை வாசலில் நின்ற பிலோமினாவைப் பார்த்தார். பிலோமினா காப்பி போட உள்ளே போனதும் சொன்னார்.

"கேமராவைக் கால் சுத்து திருப்பி வெச்சு இன்னொரு தடவை எடுங்க, அண்ணாச்சி."

மிக்கேலின் முகம் மாறியது.

அவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சர்ச்சில் கல்யாணம் எடுக்கும்போது பீடத்து மெழுகுவத்தி லென்ஸுக்குள்ளேயே முட்டி மோதி, மாப்பிள்ளையின் நெற்றியில் ஒரு வெளிச்சப் பொட்டு வைக்கும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்தால் அந்தப் பொட்டும் நகர்ந்து, வந்த இடம் எதுவென்று காட்டிக்கொடுக்கும். இப்படி எத்தனை பொட்டுகளை அவர் கண்டுபிடித்து ஒதுக்கியிருக்கிறார்.

"பேரு குடுக்கதுக்கு முன்னால அவங்களே நாலு பேர் எடுத்துப் பாப்பாங்கல்லா? அவங்க பாத்துக்கிடட்டுமே."

"பாப்பாங்க. மொத கேள்வியே, திருப்பி வெச்சு எடுத்தியளான்னுதான் இருக்கும்."

டீச்சர் அதைச் சொன்னது ஒரே தடவைதான். மறுபடி போன் செய்து கேட்கவில்லை, வழியில் பார்த்தபோதும் கேட்கவில்லை. அதுதான் மிக்கேலை அரித்தது.

காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் மேகம். ஒருநாள் கடற்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்துவிட்டது. ஒருநாள் தலைவலி என்றார், தலைவலியோடு பழைய நிலையிலேயே வைத்துப் படமும் எடுத்தார். ஒவ்வொரு மாலையும் வளைவு இன்னும் கொஞ்சம் தெளிந்தது. பிலோமினா திரையில் அதன் மேல் விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒருமுறை தடவிவிட்டுத்தான் கீழே இறங்குவார். அப்போதெல்லாம் மிக்கேல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

புரட்டாசி முடியப்போனது. ஐப்பசி மழை வந்துவிட்டால் அன்னம் மேகத்துக்குள் போய்விடும்; மேகம் கலைவதற்குள் மேற்கே இறங்கிவிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் வரைக்கும் அமலி வானத்தில் இருக்கலாம். மிக்கேல் மனசுக்குள் அந்தக் கணக்கு ஓடியது உண்மை. ஓடியதை நினைத்து அவர் வெட்கப்பட்டதும் உண்மை.

பளிச்சென்று துடைத்துவைத்த மாதிரி ஒரு சாயந்திரம் வந்தது. மிக்கேல் கேமராவைப் பிடித்திருந்த திருகில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"என்ன செய்யுதிய?" என்று பிலோமினா ஸ்டூலிலிருந்து கேட்டார்.

பொய் சொல்ல வாய் திறந்தார். வரவில்லை.

"கேமராவைத் திருப்பச் சொன்னாங்க டீச்சர். திருப்புனா படத்துல நட்சத்திரமெல்லாம் சேந்து திரும்பும். அந்த மேகமும் திரும்பும். நம்ம வளைவும் அதுகளோட திரும்பிச்சின்னா அது வானத்துல இருக்கு."

"திரும்பலன்னா?"

மிக்கேல் திருகிலிருந்து கையை எடுத்தார்.

"எப்பச் சொன்னாங்க?"

"அன்னைக்கு வந்தாங்கல்லா, அன்னைக்கே."

பிலோமினா ஜெபமாலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அன்னத்தின் பக்கம் பார்த்தார். அந்தப் பெரிய நட்சத்திரம் எது என்று இப்போது அவருக்கும் தெரியும்.

"ஆஸ்பத்திரியில அன்னைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சு, கடைசியாத்தான் எங்கிட்டச் சொன்னிய" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "திருப்புங்க. இந்தத் தடவை சேந்தே பாப்போம்."

மிக்கேல் திருகைத் தளர்த்திக் கேமராவைக் கால் சுற்று திருப்பினார். இறுக்கினார். கேமரா படம் எடுக்கத் தொடங்கியது. இரண்டு பேரும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மழை வரும்வரை கிடைத்த மாலைகளிலெல்லாம் அப்படியே எடுத்தார்கள். எதையும் அடுக்கிப் பார்க்கவில்லை. சேர்ந்தே பார்ப்போம் என்று பிலோமினா சொன்ன சொல்லை மிக்கேல் காப்பாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டீச்சரை வரச்சொன்னார்கள். முந்தின நாள் பெய்த மழையில் தெரு கழுவிவிட்டதுபோல இருந்தது. ஜன்னல் வழியாக நல்ல வெயில். மிக்கேல் கணினியைத் திறந்து, ஆக்சிஜன் படங்களை அடுக்கவிட்டு, எழுந்து நின்றுகொண்டார். பிலோமினா அவர் பக்கத்தில் வந்து நின்றார். டீச்சர் பின்னால் நின்றார்.

படம் வந்தது.

நடுவில் பெரிய நட்சத்திரம். அதைச் சுற்றி மற்ற நட்சத்திரங்களெல்லாம் கால் சுற்று திரும்பியிருந்தன. மேகமும் திரும்பியிருந்தது. வளைவு மட்டும் அதே மேல் இடப்பக்கத்தில், எப்போதும்போல, அசையாமல் நின்றது.

மிக்கேல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "சரி, டீச்சர்" என்றார். அந்தக் குரலைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. பிறகு யாரையும் பார்க்காமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

கேட்டது பிலோமினாதான்.

"எல்லாம் திரும்பிட்டு. இது மட்டும் நிக்கி. அப்போ இது இல்லைன்னுதானே, டீச்சர்?"

"வானத்துல இல்ல, மதினி."

"பொறவு எங்கன இருக்கு?"

டீச்சர் மேஜை மேலிருந்த ஃபில்டர் ஒன்றை எடுத்தார். ஜன்னல் வெயிலில் அதைப் பிடித்து லேசாகச் சாய்த்தார். எதிர்ச்சுவரில் சின்னதாக ஒரு வெளிச்சம் விழுந்தது. கையை அசைத்தார். அதுவும் அசைந்தது.

"நடுவுல இருக்கே பெரிய நட்சத்திரம், அதோட வெளிச்சம்தான். கேமராவுல விழுந்து, திரும்பி ஃபில்டர்ல முட்டி, மறுபடி கேமராவுல இங்கன வந்து விழுந்திருக்கு."

"அந்த நட்சத்திரம் ரொம்பத் தூரமோ?"

"ரொம்பத் தூரம். வெளிச்சம் இங்க வந்து சேரவே ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகும்."

பிலோமினா சுவரில் கிடந்த வெளிச்சத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பக்கத்தில் தலை குனிந்து நின்றவரைப் பார்த்தார். அழுதுவிடுவார் என்று தோன்றியது. அழவில்லை. வழக்கம்போல வளைவின் மேல் விரலை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கொண்டுபோனார்.

"இத்தன நாளா நாங்க ரெண்டு பேரும் பாத்தது பொய்யா, டீச்சர்?"

டீச்சர் ஃபில்டரை அதன் டப்பாவில் வைத்து மூடினார்.

"வெளிச்சம் நிஜம், மதினி. வளைவு மட்டும்தான் இந்த வீட்டோடது."